அழகான கிராமத்தில் அப்பா எங்கே நிற்பது?

நண்பர் ஒருவர் குடும்பத்தோடு டெல்டாவில் காரில் சுற்றி வந்து, எடுத்த படங்களை என்னிடம் காட்டினார். வரப்பில் ஓடும் குழந்தைகள், அல்லி பூத்த குளம், திண்ணை வைத்த ஓட்டு வீடுகள், வரிசையாகக் குனிந்து நடவு நடும் பெண்கள். "சொர்க்கம்ங்க" என்றார். "நட்டு முடிச்சிட்டு இந்தப் பெண்கள் சாயங்காலம் எந்தத் தெருவுக்குப் போனாங்க?" என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இயற்கையை ரசிக்கிறதுலயும் சாதியைத் தேடுவீங்களா?"

அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. சென்ற அரையாண்டு விடுமுறையில் நாங்களும் அதே டெல்டாவுக்குக் காரில் போய் வந்தோம். எங்கள் கையிலும் கேமரா இருந்தது. இப்போது பதில் இருக்கிறது.

கார் அக்காவின் கணவர் பழையதாக வாங்கியது. எங்கள் குடும்பத்தின் முதல் கார். கேமராவும் பழையதுதான். ஆய்வுக் களப்பணிக்காக உதவித்தொகையில் மிச்சம் பிடித்து வாங்கினேன். அப்பா ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அடுத்தவர்களுக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுத்தவர், ஊர் சுற்றிப் பார்ப்பதற்கென்று ஒரு வண்டியில் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. திருச்சியில் புதுச் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தார்.

அக்கா மகளுக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். 'எழில் கொஞ்சும் கிராமம்' என்ற தலைப்பில் படத்தொகுப்பு. என்னென்ன படம் வேண்டும் என்று பட்டியலும் இருந்தது: வயல், குளம், கோயில், திண்ணை வீடு, மாடு, நடவு. அவளுக்கு ஒரே சந்தோஷம். "தாத்தா ஊருதானே கிராமம்! அங்கேயே எல்லாம் எடுத்துரலாம்."

முதலில் கல்லணையில் நிறுத்தினோம். யானைமேல் இருக்கும் கரிகாலன் சிலைக்கு முன்னால் அப்பா இடுப்பில் கைவைத்து நின்றார். அம்மாவை இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். பேத்தி சொன்னபடியெல்லாம் சிரித்தார். யாரோ ஒரு குடும்பத்துக்கு அவரே கைப்பேசியை வாங்கிப் படமும் எடுத்துக் கொடுத்தார். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் அப்பாவுக்கு கேமரா முன்னால் நிற்கத் தெரியும். கூச்சம் கிடையாது.

திருவையாறு, கும்பகோணம், திருவாரூர் என்று வண்டி போகப் போக அப்பாவின் பேச்சு குறைந்தது. பேசியதெல்லாம் எங்கே நிறுத்தக் கூடாது என்பதுதான். "இங்க வேணாம். அடுத்த கடைத்தெருவுல டீ குடிச்சிக்கலாம்." "அந்தக் குளத்துக்கிட்ட எறங்க வேணாம்." அம்மா புளிசாதமும் ஆறேழு பாட்டில் தண்ணீரும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். வெளியே சாப்பிட்டால் காசு கரியாகும் என்பார். சின்ன வயதிலிருந்தே அதைச் சிக்கனம் என்றுதான் நினைத்திருந்தேன். அது சிக்கனம் மட்டுமில்லை என்று இந்தப் பயணத்தில்தான் புரிந்தது.

அமெரிக்காவில் கறுப்பின மக்கள் காரில் பயணம் போனால் எந்த விடுதியில் தங்கலாம், எந்தக் கடையில் சாப்பிடலாம் என்று சொல்வதற்கு ஒரு கையேடு இருந்தது. நியூயார்க்கில் வாழ்ந்த அஞ்சல் ஊழியர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936இல் தொடங்கினார். முப்பது ஆண்டுகள் அது வெளிவந்தது. நம்மிடம் அப்படி ஒரு புத்தகம் அச்சாகவில்லை. அது அப்பாக்களின் தலைக்குள் இருக்கிறது. எந்தக் கடையில் தனிக் குவளை, எந்தக் குளத்தில் எந்தப் படித்துறை, எந்தத் தெருவில் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. நாற்பது ஆண்டுக்கு முந்தைய பதிப்புதான். ஆனால் அதில் எந்தப் பக்கம் காலாவதியாகிவிட்டது என்று சோதித்துப் பார்க்கும் துணிச்சல் குடும்பத்தோடு போகும்போது வராது.

ஊர் சுற்றிப் பார்க்கும் ஆசை நமக்குப் புதிதல்ல. 1934இல் இயக்கத் தோழர்கள் சுமார் 30 பேர் சுற்றுலா போக விரும்பி அண்ணல் அம்பேத்கரை அழைத்தார்கள். எல்லோரா பௌத்தக் குகைகளைப் பார்ப்பது திட்டம். யார் என்று வெளியே காட்டிக்கொள்ளாமல்தான் பயணம் போனார்கள். வழியில் தௌலதாபாத் கோட்டை. புழுதி படிந்த முகத்தை வாசலில் இருந்த தொட்டித் தண்ணீரில் கழுவினார்கள். தீண்டத்தகாதவர்கள் தொட்டியைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று ஒரு முதியவர் கத்திக்கொண்டு ஓடிவந்தார், கூட்டம் கூடிவிட்டது. கத்தியவர்கள் இஸ்லாமியர்கள், இந்துவுக்குத் தீண்டத்தகாதவன் மற்றவர்களுக்கும் அப்படியே ஆகிப்போகிறான் என்பதற்கு அண்ணல் அதை எடுத்துக்காட்டாக எழுதினார். கடைசியில் உள்ளே எங்கும் தண்ணீரைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு, ஆயுதம் ஏந்திய ஒரு காவலரும் உடன் வரத்தான் கோட்டையைப் பார்த்தார்கள். கொலம்பியாவிலும் லண்டனிலும் பட்டம் வாங்கிய மனிதர் தன் நாட்டில் சுற்றுலா போன கதை இது.

அப்பாவின் ஊருக்கு வருகிறேன். திருவாரூருக்குத் தெற்கே. மார்கழி மாதம். முன்பட்டச் சம்பா கதிர் விட்டிருந்தது, தாளடி பச்சையாக இருந்தது. வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. ஊருக்குள் நுழையும் இடத்தில் ஒரு மதகு. அதைத் தாண்டினால் அகலமான தெரு, இரண்டு பக்கமும் திண்ணை வீடுகள், கடைசியில் கோயில், பக்கத்தில் குளம். பள்ளிக்கூடத்துப் பட்டியலில் இருந்த எல்லாமே ஒரே இடத்தில் இருந்தது. அக்கா மகள் குதித்து இறங்கினாள். "தாத்தா, தெரு நடுவுல நில்லுங்க. பின்னாடி கோயில் வரணும்."

அப்பா மதகுக்கு இந்தப் பக்கமே நின்றார். "இங்கேருந்தே எடும்மா. நல்லாத்தான் இருக்கும்." அவள் விடவில்லை. கையைப் பிடித்து இழுத்தாள். நாலைந்து அடி எடுத்து வைத்தார். நான் கேமராவில் கண் வைத்து, தூரத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்து பார்த்தபோதுதான் கவனித்தேன். புதுச் செருப்பு காலில் இல்லை. கையில் இருந்தது. எப்போது கழற்றினார் என்று தெரியவில்லை. அவருக்கே தெரியுமா என்பதும் சந்தேகம்தான். இரண்டு செருப்பையும் சேர்த்து முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்தார்.

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. பொது இடத்தில் செருப்பு அணிவதை, புத்தாடை உடுத்துவதை, சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பது குற்றம் என்று அதில் தனியாக எழுதியிருக்கிறது. விடுதலை பெற்று அறுபத்தெட்டு ஆண்டு கழித்தும் இதையெல்லாம் எழுத வேண்டியிருந்தது. ஆனால் அன்றைக்கு அப்பாவை யாரும் தடுக்கவில்லை. தெருவில் ஆளே இல்லை. பிறகு யார்மீது நான் புகார் கொடுப்பது? பதினெட்டு வயதில் ஊரை விட்டுப் போனவரின் கால், நாற்பது ஆண்டு கழித்து அந்த மதகைப் பார்த்ததும் தானாகச் செருப்பை விட்டது. இது எந்தப் பிரிவில் வரும்?

அதற்குள் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இரண்டு பேர். மிரட்டவில்லை. திட்டவில்லை. சிரித்த முகமாகத்தான் கேட்டார்கள். "எந்த ஊரு? யாரு வீட்டுக்கு வந்துருக்கீங்க?"

"திருச்சிங்க" என்றார் அப்பா.

"திருச்சி சரி. சொந்த ஊரு?"

அப்பா பிறந்த இடம் அங்கிருந்து வாய்க்காலைத் தாண்டி அரைக் கிலோமீட்டர்கூட இருக்காது. தாத்தா அந்த ஊர் நிலத்தில்தான் பண்ணையாளாக இருந்தார். "சொந்த ஊரு மெட்ராஸ் பக்கமுங்க. சும்மா வயலைப் பார்த்தோம், நல்லாருந்துச்சு, புள்ளைக்காக ஒரு போட்டோ எடுத்தோமுங்க. கெளம்பிட்டோமுங்க." அந்த 'உங்க'வை அப்பா வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. நடத்துநராக இருந்தபோது ஆய்வாளரிடம்கூட அவர் அப்படிக் குழைந்ததில்லை. சொந்த ஊரில் நின்று சொந்த ஊரை இல்லை என்றார்.

தமிழ்நாட்டில் 'எந்த ஊரு' என்பது வழி விசாரிக்கும் கேள்வி அல்ல. ஊர் பெயரைச் சொன்னால் தெரு கேட்பார்கள். தெருவைச் சொன்னால் யார் வீடு என்பார்கள். மூன்று படியில் சாதி வந்துவிடும். என் நண்பரிடமும் டெல்டாவில் இதே கேள்வியைக் கேட்டிருப்பார்கள். அவர் மகிழ்ச்சியாகப் பதில் சொல்லியிருப்பார், மோர் கொடுத்திருப்பார்கள், "கிராமத்து மனுஷங்க வெள்ளந்தி" என்று அவர் ஊர் திரும்பி எழுதியிருப்பார். வெள்ளந்தித்தனம் அவருக்குக் கிடைத்ததை நான் மறுக்கவில்லை. அது யாருக்குக் கிடைக்கும் என்பதை முடிவு செய்யும் கேள்விக்கு அவரிடம் சரியான விடை இருந்தது. எங்களிடம் இல்லை.

இப்போது அழகைப் பற்றிப் பேசலாம். டெல்டாவின் பச்சை தானாக முளைத்த காடு அல்ல. வெட்டி, சமன் செய்து, வரப்புப் போட்டு, சேறு மிதித்து, நாற்றுப் பிடுங்கி நட்டு உண்டாக்கிய பச்சை. அதை உண்டாக்கியவர்களுக்கு ஒரு மா நிலம்கூடச் சொந்தமில்லை. சாணிப்பாலும் சவுக்கடியும்தான் கூலியோடு கிடைத்தன. பி. சீனிவாசராவும் தோழர்களும் சேரி சேரியாக நடந்து சங்கம் கட்டிய பிறகு, 1952இல்தான் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது. ஓட்டு வீட்டுத் திண்ணையில் யார் உட்காரலாம், குளத்தில் யார் இறங்கலாம், மதகு திறந்தால் யார் வயலுக்கு முதல் தண்ணீர் என்பதெல்லாம் சாதி வகுத்த ஒழுங்கு. அந்த ஒழுங்கைத்தான் கேமரா 'அமைதி' என்று படம் பிடிக்கிறது. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தை அறியாமையின் குகை என்ற பொருளில் அண்ணல் பேசியபோது பலர் கொதித்தார்கள். கிராமத்தைப் போற்றியவர்கள் அன்றும் அதை ஊர்த்தெருவிலிருந்து பார்த்தார்கள். அவர் சேரியிலிருந்து பார்த்தார்.

அங்கிருந்து கிளம்பியதும் சேரிக்குப் போனோம். சித்தப்பா குடும்பம் அங்கேதான் இருக்கிறது. அக்கா மகள் கேட்டாள்: "இதுவும் இதே ஊர்தானா? அப்ப ஏன் இவ்ளோ தள்ளி இருக்கு?" அவளுடைய பள்ளிப் பட்டியலில் சேரி இல்லை. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறேன். ஆனால் சொல்லை நீக்கினால் அந்த அரைக் கிலோமீட்டர் நீங்கிவிடாது. ஊர் மேட்டில் இருக்கிறது, சேரி பள்ளத்தில் இருக்கிறது. மழைத் தண்ணீருக்கு எந்த அறிவிப்பும் தெரியாது, அது பள்ளத்துக்குத்தான் வரும்.

இங்கே என்னைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். கிராம அழகைப் படம் பிடிப்பவர்களைக் குறை சொல்கிற நான் மட்டும் ஒழுங்கா? என் ஆய்வுக் கோப்பில் நூற்றுக்கணக்கான சேரிப் படங்கள் இருக்கின்றன. ஒழுகும் கூரை, உடைந்த பாதை, வறண்ட குழாய். எல்லாம் சான்றுக்காக எடுத்தவை. வெள்ளையர் அரசு 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக 'இந்திய மக்கள்' என்ற புகைப்பட நூலை வெளியிட்டது. மனிதர்களைச் சாதி சாதியாக நிறுத்திப் படம் எடுத்து வகை பிரித்த நூல். என் கோப்பைத் திறந்தால் அதன் சாயல் எனக்கே தெரிகிறது. சித்தியைப் படம் எடுக்கக் கேமராவைத் தூக்கியபோது, "இரு, பொடவ மாத்திக்கிட்டு வரேன்" என்று உள்ளே போனார். வேறு சேலை கட்டி வந்து, பட்டமளிப்பு உடையில் மகள் நிற்கும் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். எப்படிப் பார்க்கப்பட வேண்டும் என்பதை அவர் முடிவு செய்தார். இத்தனை ஆண்டு களப்பணியில் நான் ஒருவரிடமும் கேட்காத கேள்விக்கு அதுதான் பதில்.

கடைசியாகக் கீழ்வெண்மணிக்குப் போனோம். 1968 டிசம்பர் 25 இரவு, கூலியில் கொஞ்சம் நெல் கூட்டிக் கேட்டவர்களின் குடும்பங்கள் ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்தன. வெளியிலிருந்து தீ வைத்தார்கள். 44 பேர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். வயல்களுக்கு நடுவே நினைவிடம் இருக்கிறது. அங்கே போகும் சாலையும் அழகான சாலைதான். நிறுத்திப் படம் எடுக்கத் தோன்றும் அளவுக்கு அழகு.

அந்த வழக்கில் 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் பெரும் நிலம் உடைய பணக்காரர்கள், முதல் எதிரியிடம் கார்கூட இருக்கிறது, இப்படிப்பட்டவர்கள் வேலையாட்களை அனுப்பாமல் தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்தார்கள் என்பதை நம்பக் கடினமாக இருக்கிறது என்ற பொருளில் அந்தத் தீர்ப்பு பேசியது. நினைவிடத்துக்கு வெளியே எங்கள் காரில் சாய்ந்து நின்றபோது எனக்கு இதுதான் ஓடியது. அன்றைக்கு ஒரு கார் அதன் முதலாளிக்கு நல்ல மனிதர் என்று சாட்சி சொன்னது. எங்கள் கார் எங்களுக்காக ஒரு வார்த்தையும் பேசவில்லை. காரில் போய் இறங்கினாலும் அப்பா செருப்பைக் கையில் எடுக்க வேண்டியிருந்தது. படித்து, வேலைக்குப் போய், நாலு காசு சேர்த்தால் சாதி போய்விடும் என்று நமக்குப் பாடம் எடுப்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

"இப்பல்லாம் யாருங்க சாதி பார்க்கிறாங்க, காலம் மாறிடுச்சு" என்பார்கள். மாறியிருக்கிறது. பண்ணையாள் மகன் நடத்துநர் ஆனார், அவர் பிள்ளை முனைவர் பட்ட ஆய்வுக்கு வந்திருக்கிறது. அது எங்கள் முன்னோர் போராடிப் பெற்ற மாற்றம், ஊர் மனமிறங்கிக் கொடுத்ததல்ல. 1934இல் தௌலதாபாத் தொட்டியைத் தொட்டதற்காகக் கூட்டம் கூடியது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் தொட்டியில் மலம் கலந்திருந்தது. எண்பத்தெட்டு ஆண்டுகளில் தண்ணீர்த் தொட்டி மாறிய லட்சணம் இது. வேங்கைவயலைச் சுற்றியும் பச்சை இருக்கிறது, வானம் இருக்கிறது. நல்ல படம் வரும்.

கிராமத்தை ரசிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ரசிக்கும் உரிமை எங்களுக்கும் வேண்டும் என்கிறேன். திரும்பி வரும் வழியில் அப்பா ஒரு வயலைக் காட்டி, "இந்த வாய்க்கா நானும் தாத்தாவும் வெட்டுனது. மண்ணு கருப்பா இருக்கு பாரு, ஒரு மழைக்கே பதம் வந்துரும்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்ததும் ரசனைதான். உங்கள் ரசனையைவிட மேலானது. அந்த மண்ணை மிதித்துத் தெரிந்துகொண்ட ரசனை. அந்த வாய்க்காலுக்குப் பக்கத்தில் செருப்புக் காலோடு நின்று, இதுதான் என் ஊர் என்று சொல்லி, அவர் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அது நடக்காதவரை உங்கள் பச்சையில் எனக்குச் சாதி தெரியத்தான் செய்யும். நான் தேடவில்லை. அது படத்தின் நடுவில் நிற்கிறது.

கேமராவோடு கிராமத்துக்குப் போகிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான். ஊர்த்தெருவோடு திரும்பிவிடாதீர்கள். வாய்க்காலைத் தாண்டிப் போங்கள். போய், பரிதாபத்தைப் படம் பிடிக்காமல், எப்படி நிற்க விருப்பம் என்று கேளுங்கள். பள்ளிகள் 'எழில் கொஞ்சும் கிராமம்' பட்டியலில் சேரியையும் சேர்க்கட்டும். அது ஏன் தள்ளி இருக்கிறது என்ற கேள்வியையும் சேர்க்கட்டும். அக்கா மகள் தன் தொகுப்பில் குளத்துக்கும் கோயிலுக்கும் நடுவில் சித்தியின் படத்தை ஒட்டியிருக்கிறாள்.

அப்பா செருப்பைப் பின்னால் பிடித்து நின்ற படம் என்னிடம் இருக்கிறது. அதை இங்கே வெளியிடவில்லை. இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "எழுது. ஊர்ப் பேர மட்டும் போட்டுறாத. சித்தப்பா அங்க இருக்கான்" என்றார்.

அதனால்தான் ஊர்ப் பெயர் இல்லை. எங்கள் ஊரின் பெயரை எங்களால் எழுத முடியவில்லை. அந்த ஊரைத்தான் அழகான கிராமம் என்கிறீர்கள்.